உடம்பில் சேராத சோறு

கனிசியஸ் வேலை முடிந்து வந்து சைக்கிளை வேலியில் சாத்தினால், குடிசைக்குள் கால் வைக்கும் முன் அவனுக்கு ஒரு சோதனை காத்திருக்கும்.

"வாயைத் திறவுங்கோ பாப்பம்" என்பாள் லூர்த்தம்மா.

பூசையில் நன்மை அப்பம் வாங்குகிறவனைப் போல அவன் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறப்பான். அவள் கிட்டப் போய் மோந்து பார்ப்பாள். நாள் முழுக்க மூட்டை சுமந்த வியர்வை மணக்கும். வெங்காயம் மணக்கும். அண்மைக்காலமாக அவன் வாயில் அடக்கிக்கொண்டு திரிகிற கராம்பு மணக்கும். கள்ளு மணக்காது. அதோடு அவள் சமாதானப்பட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கராம்புதான் அவளுக்கு நெருடியது. மறைக்க ஒன்றும் இல்லாதவன் என்னத்துக்குக் கராம்பு சப்ப வேண்டும்?

"பல்லுக்குத்தோ?"

"இல்லை. வயித்து நோவுக்கு நல்லதெண்டு சொல்லிச்சினம்."

"வயித்து நோவு!" என்று சொல்லி அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அவளைக் குறை சொல்வதும் கடினம். யாழ்ப்பாணக் கடலோரக் குருநகரில் இருந்த காலத்தில் கனிசியஸ் நல்ல கடற்றொழிலாளி. அதே அளவுக்கு நல்ல குடிகாரன். கரையேறி மீனை விற்றதும் கால் நேரே கள்ளுத் தவறணைக்குத்தான் போகும். கலியாணத்துக்கு அவளுடைய தகப்பன் போட்டுவிட்ட தோடு, தையல் மெசின், கடைசியில் கதவுச் சீலைகூடப் போனது. வெறி முறியும்போது அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கிக் குந்தியிருந்து அனுங்குவான். அந்தக் கோலத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது. பிறகு சண்டை மூண்டு செல்லடி வந்தது. கடலுக்குப் போகக் கூடாதென்று தடை வந்தது. வள்ளத்தையும் வலையையும் விட்டுவிட்டு ஊரோடு ஓடிவந்து, சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு மாதா கோயில் வளவுக்குள் கிடுகுக் குடிசை போட்டார்கள். அந்த வருசத் தவசு காலத்தில், மகள் மார்கிரட்டின் கையைப் பிடித்தபடி, அந்தோனியார் சுரூபத்தின் காலில் கை வைத்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணினான் கனிசியஸ். வளவே பார்த்துக்கொண்டு நின்றது. அன்றைக்கு லூர்த்தம்மா அழுத அழுகை, கலியாணத்தன்று அழுததைவிடப் பெரிது.

அவன் சந்தையில் வெங்காய மூட்டை தூக்கப் போனான். வீட்டுக்கு அரிசி வந்தது, மகளுக்குக் கொப்பி வந்தது. ஒரு வருசம் வீடு வீடாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவன் மெலியத் தொடங்கினான்.

மெலிகிறவன் சாப்பிடாமல் மெலிந்தால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. கனிசியஸ் முன்னையைவிடக் கூடச் சாப்பிட்டான். நிவாரண அரிசியில் ஆக்கிய சோற்றை ஒரு கோப்பை முடித்துவிட்டு மறுபடி நீட்டுவான். அதையும் முடித்துவிட்டுப் பானையைப் பார்ப்பான். மார்கிரட் தன்னுடைய பங்கில் பாதியை அவன் பக்கம் தள்ளிவிடுவாள். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்துக்குள் முகம் கறுக்கும். எழும்பிப்போய் மாமரத்தின் கீழ் முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னுக்கு வளைந்து குந்தியிருப்பான். பழைய அதே கோலம். கன்னம் ஒட்டி, காற்சட்டை இடுப்பில் நிற்காமல், கயிறு கட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.

இதோடு இன்னொரு வெட்கக்கேடும் சேர்ந்தது. வளவில் இருந்த எல்லாக் குடும்பத்துக்கும் பொதுவாக ஒரேயொரு கக்கூசு. கழுவுவதற்குச் சவர்க்காரம் கண்ணால் காணவும் கிடைக்காத காலம். ஒருநாள் பக்கத்துக் குடிசைச் செபஸ்தியம்மா வாளியைத் தூக்கி நிலத்தில் அடித்தாள்.

"ஆரப்பா உது? எண்ணெய்ப் போத்தல் கவிட்டமாதிரிக் கிடக்கு. எத்தினை வாளி ஊத்தினாலும் மிதக்குது, ஒட்டுது, நாத்தம் தாங்கேலாது. மனுசர்தானோ?"

ஆரென்று லூர்த்தம்மாவுக்குத் தெரியும். அன்றைக்குப் பின்னேரம் அவள் அவனை ஒரு பாட்டம் ஏசினாள். அதற்குப் பிறகு விடிய வெள்ளணவே சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டு வருவான்.

எங்கே போகிறான் என்று செபஸ்தியம்மாதான் கண்டுபிடித்துச் சொன்னாள்.

"லூர்த்தம்மா, சொல்லுறனெண்டு குறை நினையாதை. உன்ரை மனுசனைத் தவறணைப் பக்கம் கண்டனான். ஒருநாளில்லை, கனநாள். விடியப்புறமே அந்த ஒழுங்கையாலை போய் வாறார்."

லூர்த்தம்மாவுக்கு உச்சந்தலையில் அடித்ததுபோல இருந்தது. மெலிவு, வயிற்றுக் குத்து, கராம்பு, இப்போது தவறணை. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது. பொருந்தியபிறகு அவள் வேறெதையும் யோசிக்கவில்லை.

அன்றைக்கு அவன் வந்தபோது அவள் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. சோற்றுப் பானையை மூடிவைத்துவிட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தாள்.

"விடியவெள்ளண எங்கை போறனீங்கள்?"

கனிசியஸ் மகளைப் பார்த்தான். பதினாலு வயதுப் பெட்டை, விளக்கடியில் படித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வது?

"சும்மாதான்" என்றான்.

"சும்மா! அந்தோனியாரை ஏமாத்தலாம், என்னை ஏமாத்தேலாது. எங்கை குடிச்சனீங்களோ அங்கையே போய்ச் சாப்பிடுங்கோ. பிள்ளையின்ரை வாய்க்குப் போறதையும் வாங்கித் திண்டுபோட்டு அதுக்கு மேலை கள்ளும் கேக்குதோ?"

"லூர்த்து, நான் தொடேல்லை."

"மார்கிரட், உன்ரை கொப்பர் திரும்பத் தொடங்கியிட்டார். கேட்டியோ? சத்தியத்தை வித்துக் குடிச்சிட்டார்."

மார்கிரட் தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தோனியாருக்கு முன்னால் அவன் பிடித்திருந்தது அவளுடைய கையைத்தான். விளக்கைத் தூக்கிக்கொண்டு மற்ற மூலைக்குப் போய் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அவள் அவனோடு கதைக்கவில்லை.

கனிசியஸ் குடிசைக்கு வெளியே பாயைப் போட்டுக்கொண்டான். லூர்த்தம்மா ஒரு கோப்பைச் சோற்றை வாசலில் வைப்பாள். மறுசோறு அவனும் கேட்கவில்லை, வேணுமோ என்று அவளும் கேட்கவில்லை. போகப்போக அந்த ஒரு கோப்பையிலும் அவன் பாதியை மிச்சம் வைத்தான். "தவறணையிலை வயிறு நிரம்பியிட்டுது போலை" என்று அவள் காதுபடச் சொன்னாள். சாப்பிட்டால் நோகும், நொந்தால் குந்தியிருக்க வேண்டும், குந்தியிருந்தால் மனைவியும் மகளும் பார்ப்பார்கள் என்று பயந்து அவன் பசியோடு கிடந்தான் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

ஒருநாள் முற்பகல். லூர்த்தம்மா பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவை அரித்துக்கொண்டிருந்தாள். சந்தையில் மூட்டை தூக்கும் ஒருவர் சைக்கிளில் வந்து வேலிக்கு வெளியே நின்றார்.

"அக்கா, கனிசியஸ் அண்ணை சந்தையிலை விழுந்து கிடக்கிறார். எழுப்பினால் எழும்புறாரில்லை."

மா அரித்த கை ஒரு கணம் நின்றது. கிணற்றடியில் இரண்டு மூன்று பெண்கள் நின்றார்கள். அவர்கள் இவளைத்தான் பார்த்தார்கள். குருநகரில் எத்தனை தரம் இப்படிச் செய்தி வந்திருக்கிறது, எத்தனை தரம் அவனைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு ஊர் சிரிக்க வீடு வந்திருக்கிறாள்! திரும்பவும் அந்தப் பாடு பட அவள் ஆயத்தமாக இல்லை.

"கிடக்கட்டும்" என்றாள். "வெறி முறிஞ்சால் எழும்பி வருவார்."

வந்தவர் தயங்கி நின்றார். பிறகு சைக்கிளைத் திருப்பினார். அவள் மறுபடி மாவை அரித்தாள்.

சந்தை அவ்வளவு தூரமில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்திருந்தால் உலை கொதிக்க முன்னர் போய்ச் சேர்ந்திருப்பாள். இதை அவள் பிறகு எத்தனையோ தரம் நினைத்தாள்.

சந்தையில் விழுந்தவன் சாக்குக் குவியலுக்குப் பக்கத்தில் வெய்யிலில் கிடந்தான். பெண்சாதியே வெறியென்று சொல்லிவிட்டாள் என்றதும் சனம் விலகிப் போனது. ஒருவர் காலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பின்னேரமாகும் தறுவாயில்தான், வெளியூர் போயிருந்த வெங்காய வியாபாரி கதிரவேலு திரும்பி வந்தார். கனிசியஸ் அவருடைய மூட்டைகளைத்தான் தூக்குகிறவன். குனிந்து பார்த்தார். உதடு வெடித்துக் கிடந்தது, உடம்பு குளிர்ந்து வியர்த்திருந்தது. ஏதும் கேட்டுக்கொண்டு நிற்காமல் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றியிருந்த வெங்காயத்தை இறக்குவித்து, அதில் அவனைக் கிடத்தி, யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார். போகும் வழியில் வளவு வாசலில் நிறுத்தினார்.

"இஞ்சை பார் அம்மா" என்றார், கோபத்தை அடக்கிக்கொண்டு. "இந்தாள் என்னட்டை வேலைக்கு வந்த நாளிலை இருந்து நான் ஒருநாளும் வெறியிலை காணேல்லை. ஏறு பெட்டியிலை."

அவள் ஏறினாள். பள்ளிக்கூடத்தால் வந்த மார்கிரட்டும், புத்தகத்தை யாரிடமோ கொடுத்துவிட்டு, கேட்காமலே ஏறினாள். வழியெல்லாம் வெங்காயச் சருகு பறந்து அவன் முகத்தில் ஒட்டியது. லூர்த்தம்மா அதைத் தட்டிவிட்டாள். முகத்தைத் தொட்டு எவ்வளவு காலம் என்று அப்போதுதான் தெரிந்தது. எலும்புதான் கையில் பட்டது.

ஆசுப்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். நோயாளியைப் பார்த்தவர் குணலட்சுமி என்ற பெண் வைத்தியர். லாம்பு வெளிச்சத்தில் வேலை செய்து கண் சிவந்த மனுசி.

"குடிக்கிறவரோ?" என்று கேட்டார்.

"ஓம் டொக்டர். குடிக்கிறவர்தான்" என்றாள் லூர்த்தம்மா. கண் விழித்துக் கிடந்த கனிசியஸ் அதைக் கேட்டான். கண்ணை மட்டும் மூடிக்கொண்டான்.

வைத்தியர் அவளிடம் மேலே கேட்காமல் கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். சாப்பிட்டபிறகு எந்த இடத்தில் நோகும், நோ முதுகுக்குப் போகுமா, வளைந்து குந்தினால் கொஞ்சம் சுகமா, வெளிக்குப் போவது எப்படியிருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு அவன் மகளைப் பார்த்தான். வைத்தியர் மார்கிரட்டை வெளியே போய்த் தண்ணீர் எடுத்துவரச் சொன்னார்.

"எண்ணெய்மாதிரி, டொக்டர்" என்றான் அவன், சுவரைப் பார்த்துக்கொண்டு. "மிதக்கும். கழுவினால் போகாது. மற்ற ஆக்களுக்குக் கரைச்சல் எண்டுதான் நான் வெள்ளணவே தவறணைக்கு அங்காலை இருக்கிற பனங்காணிக்குப் போறனான்."

லூர்த்தம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த சில நாட்களில் மலத்தைச் சோதித்தார்கள். அருமையாகக் கிடைத்த ஒரு பிலிமில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் வைத்தியர் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு கதைத்தார்.

"சாப்பாடு வயித்துக்குள்ளை போன உடனை உடம்பிலை சேர்ந்திடாது அம்மா. சோறு சோறாயே கிடந்தால் உடம்பாலை அதை எடுக்கேலாது. நல்லாய்ச் சின்னனாய் உடைபடவேணும். அதை உடைக்கிறதுக்கு எங்கடை உடம்பு சுரக்கிற பொருளைத்தான் நொதியம் எண்டு சொல்லுறது. வெறுஞ்சோத்தைக் கனநேரம் சப்பினால் இனிக்குமெல்லே? அது எச்சிலிலை இருக்கிற நொதியத்தின்ரை வேலை. இரைப்பையிலை வேறை இருக்கு. ஆனால் பெரிய பங்கு வேலையைச் செய்யிறது இரைப்பைக்குப் பின்னாலை கிடக்கிற சதையி, கணையம் எண்டும் சொல்லுற உறுப்பு. சோத்துக்கு ஒரு நொதியம், மீன் பருப்புக்கு ஒண்டு, எண்ணெய் தேங்காய்க்கு ஒண்டு எண்டு அதுதான் குடலுக்கு அனுப்பும். இவருக்குச் சதையி பழுதாய்ப்போச்சு. உள்ளுக்குக் கல்லும் கட்டியிருக்கு. நொதியம் காணாது."

"அப்ப அவர் சாப்பிட்டதெல்லாம்?"

"பாதிக்கு மேலை சும்மா வெளியிலை போயிட்டுது. எண்ணெய் உடைபடாமல் அப்படியே போறபடியால்தான் மிதக்கிறது, ஒட்டுறது, மணக்கிறது. எத்தினை கோப்பை சாப்பிட்டாலும் உடம்பு பட்டினிதான். பசிக்கும், சாப்பிட்டால் நோகும். இந்த மனுசன் சோத்துக்கு முன்னாலை இருந்துகொண்டே பட்டினி கிடந்திருக்கிறார்."

லூர்த்தம்மா பானைமேல் கை வைத்துக்கொண்டு இருந்த அந்தப் பொழுது அவளுடைய கண்ணுக்கு முன்னால் வந்தது. கைகளைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"கடைசியாய் எப்ப குடிச்சனீங்கள்?" என்று வைத்தியர் அவனைக் கேட்டார்.

"சத்தியம் பண்ணின நாளுக்குப் பிறகு ஒரு சொட்டும் இல்லை."

"இது பழைய குடி செய்த வேலை. விட்டபடியால்தான் இவ்வளவு நாளும் இருக்கிறீங்கள். விடாமல் இருந்திருந்தால் இப்ப நான் உங்களோடை கதைச்சுக்கொண்டிருக்க மாட்டன்" என்றவர் லூர்த்தம்மாவின் பக்கம் திரும்பினார். "ஆனால் ஒண்டு சொல்லவேணும். இந்த வருத்தம் குடிக்கிறவைக்குத்தான் வரும் எண்டில்லை. ஒருநாளும் தொடாத ஆக்களுக்கும் வரும். வேளைக்குக் கொண்டுவந்திருந்தால் இந்தளவுக்கு வந்திராது."

அந்த நொதியங்களையே குளிசையாக உண்டென்றும், சாப்பாட்டோடு சேர்த்து விழுங்க வேண்டுமென்றும் வைத்தியர் சொன்னார். ஆனால் கொழும்பிலிருந்து மருந்து வருவதே அரிதான காலம்; கப்பல் வந்தால்தான் உண்டு. பப்பாப்பழம் நல்லதாமே என்று லூர்த்தம்மா கேட்டாள். "அதிலையும் ஒரு நொதியம் இருக்குத்தான். இவருக்கு அது காணாது. பழத்தைக் குடுத்துப்போட்டு மருந்தை விட்டிடாதேங்கோ" என்றார் அவர். குளிசை வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பல தரம் சாப்பிடவேண்டும், எண்ணெயும் தேங்காயும் மட்டாக, நன்றாகச் சப்பி. நீரிழிவென்ற சீனி வருத்தமும் தொடரலாம், கவனிக்க வேண்டும்.

வைத்தியர் போனபிறகு லூர்த்தம்மா கட்டில் ஓரத்தில் நின்றாள்.

"ஏன் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை?"

"சொன்னனான் லூர்த்து. வயித்து நோவெண்டு சொன்னனான், தொடேல்லையெண்டும் சொன்னனான். நீ என்ரை வாயை மோந்தனியே தவிர, வாயாலை வந்ததைக் கேக்கேல்லை."

அவள் அழவில்லை. அழுதால் அவன் சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுவான் என்று பயந்தாள்.

"நீங்கள் விழுந்து கிடக்கிறியள் எண்டு ஒராள் வந்து சொன்னவர்" என்றாள். "கிடக்கட்டும் எண்டு சொன்னன். சந்தை இவ்வளவு கிட்ட இருக்க, நான் வரேல்லை."

"பரவாயில்லை" என்று அவன் சொல்லுவான் என்று அவள் உள்ளூர எதிர்பார்த்தாள். அவன் சொல்லவில்லை.

"பழைய கணக்கிலை நான் உனக்குச் செய்தது அதைவிடக் கூட" என்றான் கடைசியில். "அதை விடு. பெட்டை என்னோடை கதைக்கிறாளில்லை. அதை மட்டும் நீ சரிப்பண்ணித் தா."

மார்கிரட் வாட்டுக்கு வெளியே படிக்கட்டில் தண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். லூர்த்தம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். மகளுக்கு முன்னால் தலை குனிய எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்? இருந்தும் அவள் சொன்னாள்.

"கொப்பர் குடிக்கேல்லையடி. சத்தியம் பண்ணினபிறகு ஒருநாளும் குடிக்கேல்லை. நான் உனக்குச் சொன்னது பொய்."

"தெரிஞ்சோ சொன்னனீங்கள்?"

"தெரியாது. தெரியாத ஒண்டை நிச்சயமாய்த் தெரிஞ்சமாதிரிச் சொன்னன். அதுவும் பொய்தானே."

மார்கிரட் போத்தலைப் படிக்கட்டில் வைத்தாள். "அவர் ஒருநாள் செம்பிலை தண்ணி கேட்டவர். நான் காது கேளாதமாதிரி இருந்திட்டன். நீங்கள் சொன்னபடியால்தான் அம்மா." எழும்பி உள்ளே ஓடினாள். லூர்த்தம்மா படிக்கட்டிலேயே இருந்தாள். உள்ளேயிருந்து முதலில் மகளின் அழுகையும், பிறகு அவன் மெல்லிய குரலில் ஏதோ சொல்வதும் கேட்டது. அந்த இடத்துக்குள் போக அவளுக்கு உரிமையில்லை என்று பட்டது.

ஒரு மாதமளவில் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். கப்பல் வந்தது; கொஞ்சக் குளிசையும் கிடைத்தது. ஒவ்வொரு சாப்பாட்டோடும் விழுங்கினான். கன்னத்தில் மெல்ல மெல்லச் சதை தெரிந்தது. முந்திய கனிசியஸ் திரும்பி வரவில்லை. மூட்டை தூக்க இனி ஏலாது. கதிரவேலு அவனைத் தராசடியில் நிற்கவைத்தார். குடிசைக்கு உள்ளே பாய் வந்தது. சிரித்துக் கதைத்தார்கள். ஆனாலும் சோறு போடும்போது, "இன்னும் கொஞ்சம்" என்று அவன் ஒருநாளும் கேட்பதில்லை. அவளாகவே போட்டால் சாப்பிடுவான். அந்த மௌனத்துக்கு மருந்து எந்தக் கப்பலிலும் வராது என்று அவளுக்குத் தெரிந்தது.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து பெண்கள் கோயில் முற்றத்தில் நின்றார்கள். செபஸ்தியம்மா அவளுடைய கையை ஆதரவாகப் பிடித்தாள்.

"நீ மனதை அலட்டாதை லூர்த்தம்மா. நீயென்ன தெரிஞ்சே செய்தனி? குடிகாரனுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும். ஆரும் உன்னைக் குறை சொல்லேலாது."

மற்றப் பெண்களும் தலையாட்டினார்கள். ஒதுங்கிக்கொள்ள நல்ல நிழல்தான் அது. லூர்த்தம்மா அதற்குள் போகவில்லை.

"சந்தேகம் வந்தது பிழையில்லை அக்கா. சந்தேகத்தையே முடிவெண்டு நான் எடுத்ததுதான் பிழை" என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படி, சத்தமாக. "வருத்தக்காரனைப் பாத்துப் பெருந்தீனிக்காரன் எண்டன், குடிகாரன் எண்டன். எல்லாருக்கும் சொல்லுறன், கேளுங்கோ. வீட்டிலை ஒரு மனுசன் சாப்பிட்டும் மெலிஞ்சால், சாப்பிட்ட உடனை நோவெண்டு வளைஞ்சால், வெளிக்குப் போறதிலை வித்தியாசம் தெரிஞ்சால், வெக்கப்படாமல், ஏசாமல், டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ. சாப்பாடு போடுறதோடை எங்கடை கடமை முடியாது. அது அந்த உடம்பிலை சேருதோ எண்டும் பாக்கவேணும்."

அவள் செபஸ்தியம்மாவின் கையை மெல்ல விலக்கினாள்.

"முந்திக் குடிச்சவன் எண்டால் இன்னும் கெதியாய்க் கூட்டிக்கொண்டு போங்கோ. குடியை விட்ட மனுசனை அவன்ரை வீடே நம்பாட்டில், பிறகு அவன் ஆருக்காக அதை விட்டவன்?"